தண்ணிவிழுதா என்றொரு முகவரி

ஆறு இலக்க எண் ஒன்றை வாங்கி வருவதற்காக ஜெர்மனியிலிருந்து தென்காசிக்குப் போனவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த எண் ஒரு போனுக்கு வரும். வந்ததைப் படித்து இன்னொரு போனில் எனக்குச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்த போன் இருந்தது சிவகாமியிடம். சிவகாமி இலஞ்சியில் கணக்கு டீச்சர்.

"ஓடிபியை யார்ட்டயும் போன்ல சொல்லக்கூடாதுன்னு பேங்க்ல சொல்லிருக்காங்க அண்ணாச்சி. வேணும்னா நேர்ல வாங்க" என்றார். நான் யாரென்று தெரியாமல் சொல்லவில்லை. அவருடைய கணவன் குத்தாலிங்கமும் நானும் கொலோன் நகரத்தில் ஒரே வீட்டில் ஆறு வருடம் சமைத்துச் சாப்பிட்டவர்கள். தெரிந்தேதான் சொன்னார். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, போய்ப் பார்க்க வேறு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். யாரும் இல்லை. டிக்கெட் போட்டேன்.

விஷயம் இதுதான். குத்தாலிங்கத்துக்கு ஓர் இணையதளம் இருந்தது. அதன் முகவரி முழுக்கத் தமிழ் எழுத்தில்: தண்ணிவிழுதா, புள்ளி, இந்தியா. குற்றாலத்துக்குக் கிளம்புகிற எவரும் முதலில் கேட்கிற கேள்வி அது. தினமும் அதில் இரண்டு மூன்று வரி இருக்கும். மெயினருவியில் தண்ணி விழுகிறதா, ஐந்தருவியில் கூட்டமா, போலீஸ் குளிக்கத் தடை போட்டிருக்கிறதா, அவ்வளவுதான். போன வருடம் இதே மாசியில் மாரடைப்பில் குத்தாலிங்கம் போய்விட்டான். அந்தப் பெயரின் கெடு இந்த மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் பெயரும் போகும், அதற்குப் பின்னால் இருக்கிற பக்கமும் போகும். அதைப் போகவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அவன் இறந்த பிறகும் நான் தினமும் காலையில் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழில் பெயர் வாங்கும் யோசனை அவனுக்கு வந்தது கொலோனில்தான். எங்கள் தெருமுனையில் ஒரு ரொட்டிக்கடை. கடைக்காரம்மாளின் பெயரில் 'யு' எழுத்துக்கு மேலே இரண்டு புள்ளி உண்டு. அந்தப் புள்ளிகளோடே தன் இணைய முகவரியைத் துணிப்பையில் அச்சடித்திருந்தார். கொலோன் என்ற ஊர்ப் பெயரை ஜெர்மன் மொழியில் எழுதினால் அதற்கே ஓர் எழுத்தின் மேல் இரண்டு புள்ளி இருக்கிறது. குத்தாலிங்கம் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏலே, ரெண்டு புள்ளிக்கே இடம் குடுக்கான். நம்ம எழுத்துக்குக் குடுக்க மாட்டானா?" என்றான். கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. கொடுப்பார்கள், ஆனால் ரொட்டிக்கடையம்மாளே புள்ளி இல்லாத முகவரி ஒன்றையும் பக்கத்தில் வாங்கி வைத்திருக்கிறார், நீயும் இங்கிலீஷில் ஒன்று வாங்கிக்கொள் என்றேன். கேட்கவில்லை. ஊர் திரும்பி, கல்யாணம் முடித்து, இலஞ்சியில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டவன், தமிழில் மட்டும் வாங்கினான். அதோடு விட்டானா? தன் மின்னஞ்சலையும் அந்தத் தமிழ்ப் பெயரிலேயே வைத்து, பெயர் விற்ற நிறுவனத்துக் கணக்குக்கும் அதையே கொடுத்துவிட்டான். பூட்டின பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்த கதை. இப்போது கடவுச்சொல் கேட்டு அந்த மின்னஞ்சலை எழுதினால், சரியான முகவரியை எழுதவும் என்று சிவப்பில் திட்டுகிறது. விற்றவனுக்கே தான் விற்றது புரியவில்லை. மிச்சமிருந்த ஒரே வழி, அவன் போனுக்கு வரும் எண்.

சென்னையிலிருந்து இரவு ரயில். காலையில் தென்காசியில் இறங்க வேண்டியவன் தூங்கிப்போனேன். பக்கத்துப் படுக்கைக்காரம்மாள் மூட்டையைக் கட்டிக்கொண்டே, "எங்க எறங்கணும் நீங்க?" என்றார். தென்காசி என்றேன். "அது அப்பவே போயிட்டுல்லா! இது செங்கோட்டை. இதுக்கு மேல வண்டி போகாது" என்று சிரித்தார். கொலோனில் ஒரு நிலையம் தவறினால் யாரும் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். அவமானத்தைத் தனியாக அனுபவிக்கலாம். இங்கே பெட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. இறங்குவதற்குள் நாலு பேர், ஆட்டோ எங்கே நிற்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆட்டோக்காரர் பெயர் மாரியப்பன். ஏறி உட்கார்ந்ததும் எதிரே அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்டிக்கர். பாதி உரிந்த நீல எழுத்தில் தண்ணிவிழுதா. உரிந்த ஓரத்தை விரலால் அழுத்தினேன்.

"இது யார் ஒட்டினது?"

"எலஞ்சி அண்ணாச்சி ஒருத்தரு சார். எறந்துட்டாரு. எல்லா வண்டிலயும் அவரே வந்து ஒட்டுனாரு."

"இதைப் பார்த்து யாராவது உள்ளே போவாங்களா?"

மாரியப்பன் வண்டியை ஓட்டிக்கொண்டே பாவமாகத் தலையாட்டினார். "யாரு சார் தமிழ்ல அடிச்சுக்கிட்டு இருப்பா? எல்லாம் இங்கிலீசு கீபோர்டு. சரி, அனுப்பியாவது வைப்போம்னு வாட்சப்புல போட்டா, தமிழ் போயி எக்ஸ்-என்னு ஆரம்பிச்சு ரெண்டு கோடு, பொறவு கண்டதும் வருது. வைரசுன்னு எல்லாரும் பயந்து அழிச்சுட்டானுவ. எங்க குரூப்ல அட்மினு என்னையவே தூக்கிட்டான்."

அது வைரஸ் இல்லை. இணையத்தின் அடித்தளம் இங்கிலீஷ் எழுத்தை மட்டும்தான் அறியும். தமிழில் எழுதினால் அதை அப்படியொரு மாறுவேஷம் போட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள். சில இடத்தில் அந்த வேஷம் வெளியே தெரிந்துவிடும். இதை மாரியப்பனுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதுவும் அண்ணாச்சி லேட்டால்லா போடுவாரு. அருவிக்கு வாரவன் விடியக்காலைல வந்துருவான். இவரு போடும்போது பத்து மணிக்கு மேல ஆயிரும். அதுக்குள்ள அவன் குளிச்சு, பரோட்டா தின்னு, ஊருக்குப் பஸ் ஏறிருவான். ஒருநா நானே கேட்டேன், கொஞ்சம் முன்னாடி போடக்கூடாதா அண்ணாச்சின்னு. சிரிச்சாரு."

குத்தாலிங்கம் கொலோனிலும் எதையும் நேரத்துக்குச் செய்தவன் இல்லை. நானும் சிரித்தேன்.

வழியில் பார்டர் பரோட்டாக் கடையில் நிறுத்தச் சொன்னேன். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னா ஊற்றி, பக்கத்தில் நாட்டுக்கோழி வறுவல். கொலோனில் தமிழ்க்கடை பரோட்டா உறைபனிப் பெட்டியிலிருந்து வரும், அட்டை மாதிரி இருக்கும். இங்கே இலையில் விழுந்த நிமிடத்தில் தின்றாக வேண்டும். கூட யாராவது இருந்தால் இன்னும் இரண்டு வாங்கியிருப்பேன். மாரியப்பனைக் கூப்பிட்டேன். அவருக்கு வெள்ளிக்கிழமை விரதமாம்.

குற்றாலத்தில் அறை எடுத்தேன். மாசி மாதத்தில் அங்கே தங்குகிறவன் வினோதமானவன். லாட்ஜ்காரர் என் பெட்டியைச் சந்தேகமாகப் பார்த்தார். "சீசன் இல்லையே சார், தண்ணி விழலையே" என்று இரண்டு தரம் சொன்னார். கடைத்தெருவில் பாதிக் கடைகளுக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தது. எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் பெஞ்சில் தானே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். குரங்குகள் மட்டும் வழக்கம்போல வேலையில் இருந்தன. என் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கியது ஒன்று. நான் வந்ததை ஒருவராவது கவனித்தார்களே என்று தோன்றியது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு மாரியப்பன் வண்டியிலேயே இலஞ்சிக்குப் போனேன். சிவகாமி கல்யாணத்தின்போது பார்த்த மாதிரியேதான் இருந்தார், தலை மட்டும் நரைத்திருந்தது. பிள்ளைகள் இல்லை. பெரிய வீட்டில் ஓர் அறையில் மட்டும் விளக்கு. காபி கொடுத்தார். ஜெர்மனியில் என்னைக் கவனிக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மனைவி பிரிந்துபோய் வெகுகாலம் ஆகிறது, மகள் பெர்லினில் இருக்கிறாள், மாதம் ஒருமுறை ஜெர்மன் மொழியில் பேசுவாள் என்றேன். "தமிழ்ல யார்ட்ட பேசுவிய?" என்றார். பேசுவது இல்லை, படிப்பேன் என்றேன்.

பேச்சை மாற்ற லேப்டாப்பைத் திறந்து, "போனை எடுங்க சிவகாமி, ரெண்டு நிமிஷ வேலை" என்றேன்.

"இன்னைக்கு வெள்ளிக்கெழமைல்லா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"வெள்ளிக்கெழமை வெளக்கு வச்ச பொறவு வீட்டுலருந்து ஒண்ணும் எடுத்துக் குடுக்கக் கூடாது அண்ணாச்சி. நாளைக்கு வாங்க."

"போனைக் கொடுக்க வேண்டாம், அதிலே வர்ற நம்பரைச் சொன்னா போதும்."

"நம்பரும் குடுக்கறதுதான்."

ஏழு கடல் தாண்டி வந்து, கிளி இருக்கிற கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று கேட்கிற ராஜகுமாரன் எவனும் கதையில் இல்லை. கொலோனில் ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பார்கள், அதைப் புரிந்துகொள்கிறேன். ஓர் எண்ணுக்கு வெள்ளிக்கிழமையா? முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசல் வரை வந்தவர், "நாளைக்கு மத்தியானம் சாப்பிட வந்துருங்க. சொதி வைக்கேன்" என்றார். பிறகு, "இந்த வேலை முடிஞ்சா அவுக சிம்மை நிறுத்தி, போனையும் அணைச்சு வச்சுருவேன். தெனம் விடியக்காலைல அலாரம் அடிக்கி. அருவிக்குப் போறதுக்கு அவுக வச்ச அலாரம். நிப்பாட்டவும் மனசு வரல, கேக்கவும் முடியல" என்றார். அதைச் சொல்லும்போது குரல் ஒரே சீராக, வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி இருந்தது.

சனிக்கிழமை. தேங்காய்ப் பாலில் காய்கறி போட்ட சொதியும், இஞ்சித் துவையலும், உருளைக்கிழங்கு வறுவலும். கொலோனில் குத்தாலிங்கம் டப்பாத் தேங்காய்ப் பாலில் சொதி வைப்பான். ஒவ்வொரு தடவையும், "இது சொதி இல்லைலே, சொதிக்கு ஒண்ணுவிட்ட தம்பி" என்பான். உண்மையான சொதியை அன்றைக்குத்தான் சாப்பிட்டேன். அவன் சொன்னது சரிதான். சொல்ல அவன் எதிரே இல்லாதது கஷ்டமாக இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் சிவகாமி உள்ளேயிருந்து போனை எடுத்து வந்தார். முழுக்கச் சார்ஜ் ஏற்றி, துடைத்து வைத்திருந்தார். நான் பொத்தானை அழுத்தினேன். போன் சத்தம் போட்டது. அவர் திரையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, எண்களை ஒவ்வொன்றாக, கரும்பலகையில் எழுதப் போகிறவர் மாதிரி இரண்டு தரம் படித்தார். கணக்கு திறந்தது. புதுப்பித்தேன். இன்னும் ஐந்து வருடத்துக்குப் பெயருக்கு ஆபத்து இல்லை. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. எழுந்து ஆட வேண்டும் போலவும் இருந்தது, இனி இங்கே எனக்கு என்ன வேலை என்றும் இருந்தது.

"அதுல அவுக என்னதான் எழுதுனாக? நான் பாத்ததே இல்ல" என்றார் சிவகாமி.

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். அவன் கடைசியாக எழுதியது அப்படியே இருந்தது. 'சாரல் மட்டும். மெயினருவியில் தண்ணி இல்லை. குளிர் இருக்கும், காதை மூடிக்கொள். நாளைக்குப் பார்ப்போம்.'

சிவகாமி படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

"சாரலுக்கு எவன் காதை மூடுவான்?" என்றார். "இதுக்குத்தானா நித்தம் இருட்டோட எந்திரிச்சு ஸ்கூட்டரை எடுத்துட்டுப் போனாக? மழையிலயும் போவாக. நான் சண்டை போடுவேன். போயிட்டு வந்தாவது ஒடனே எழுதுவாகளா? மாட்டாக. குளிச்சு, சாப்பிட்டு, பேப்பர் படிச்சு, போனைக் கையில வச்சுக்கிட்டே உக்காந்துருப்பாக. ஸ்கூல் லீவு நாள்ல பாத்துருக்கேன். எழுதித் தொலைங்களேம்பேன். 'இரு, இப்பதான் அவன் எந்திரிப்பான்'னு சொல்லுவாக. எவன்னு நான் கேட்டதில்ல. குளிக்க வார யாரோன்னு நெனச்சேன்."

நான் குனிந்து அந்த வரிகளை மறுபடி படித்தேன்.

சிவகாமி என்னைப் பார்த்தார்.

"நீங்க அங்கன எத்தனை மணிக்கு எந்திரிப்பிய?"

"ஆறு, ஆறரை."

கணக்கு டீச்சருக்கு அது விரல்விட்டு எண்ணுகிற கணக்குகூட இல்லை. கொலோனில் ஆறரை என்றால் இலஞ்சியில் பத்து மணிக்கு மேலே. சிவகாமி லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அந்த நாலு வரியைப் பார்த்தார். மாசி மாதத்துக் குளிர் குற்றாலத்தில் யாரையும் காதை மூட வைக்காது. கொலோனில் மூட வைக்கும்.

இத்தனை வருடம் ஊருக்காக எழுதுகிறான், நான் ஓரமாக நின்று படிக்கிறேன் என்று நினைத்திருந்தேன். குடை எடுத்துக்கொள் என்று எழுதியிருப்பான். கொலோனிலும் மழைதான் என்று நானும் எடுத்துக்கொண்டு போவேன். தற்செயல் என்று நினைத்தேன். மடையன்.

"ஒரு போனைப் போட்டுப் பேசிருக்கலாம்லா ரெண்டு பேரும்" என்றார் சிவகாமி.

அவர் குரலில் கோபம் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. அவருடைய கணவன் தினமும் காலையில் அவரைத் தனியே விட்டுவிட்டுப் போனது எனக்காக. ஆரம்பத்தில் நாங்கள் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். பிறகு அவன் தோப்பைப் பற்றிச் சொல்வான், எனக்குத் தென்னை தெரியாது. நான் வேலையைப் பற்றிச் சொல்வேன், அவன் கொலோனை விட்டு வெகுதூரம் போயிருந்தான். அப்புறம் என்ன, அப்புறம் என்ன என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டு வைத்துவிடுவோம். ஒருநாள் அதுவும் நின்றது. சண்டை இல்லை. பேச ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டோம். இதை அவரிடம் சொன்னேன். அவர் இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. நான் கிளம்பும்போது, "பாத்துப் போயிட்டு வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது மாரியப்பனை வரச் சொல்லி மெயினருவிக்குப் போனேன். குத்தாலிங்கம் தினமும் நின்ற இடம் எதுவாக இருக்கும் என்று தேடினேன். பாறை முழுக்கக் காய்ந்து கிடந்தது. ஓர் ஓரத்தில் சுவரில் ஈரம் கசிகிற அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர். கோயிலில் மணி அடித்தது. அவன் கணக்கு இப்போது என் கையில் இருக்கிறது, இன்றைக்கு ஒரு வரி எழுதலாம் என்று போனை எடுத்தேன். 'தண்ணி இல்லை' என்று அடித்தேன். அதைப் படிக்கிற ஒரே ஆள் அந்தப் பாறைக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தான். அடித்ததை அழித்துவிட்டேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மாரியப்பன் பக்கத்தில் வராமல், கொஞ்சம் தள்ளி நின்று குரங்குகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது தென்காசியில் தூங்காமல் சரியாக ரயில் ஏறினேன். சொல்லிக்கொள்கிற மாதிரி வேறு சம்பவம் இல்லை. கொலோன் விமான நிலையத்தில் பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தது. வீட்டில் நான் கழுவாமல் விட்டுப்போன காபிக் கோப்பை அப்படியே இருந்தது. காலையில் எழுந்து, பழக்கதோஷத்தில் பக்கத்தைத் திறந்தேன். சாரல் மட்டும். காதை மூடிக்கொள். நாளைக்குப் பார்ப்போம். அவன் எழுதினது அப்படியே இருக்கட்டும், அதன் மேலே ஒன்றும் எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் குத்தாலிங்கம் என்று பெயர் வந்தது.

அந்தப் பெயரை அப்படிப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஈரக் கையோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நின்றுவிடப் போகிறது என்று பயந்து எடுத்தேன்.

"அண்ணாச்சி, எந்திரிச்சாச்சா?" என்றார் சிவகாமி. "மாரியப்பன்ட்ட கேட்டேன். இன்னைக்கும் தண்ணி விழலையாம். சாப்பிட்டியளா?"

"இன்னும் இல்லை" என்றேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.